வாய்க்கால் ஸ்டாப்

ஜன்னலோர இருக்கை கிடைத்தால் முதலில் செய்யவேண்டியது கண்ணாடியை மேலே தள்ளுவது, அடுத்தது தூங்காமல் இருப்பது. முதல் வேலை முடிந்துவிட்டது, பங்குனிக் காற்று அடுப்பங்கரையிலிருந்து வருவதுபோல் முகத்தில் வந்து விழுகிறது, இரண்டாவதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. மில் வாசலில் ஏறி ஊருக்குள் இறங்குவதற்குள் ஒரு தூக்கம், சில நாள் ஒன்றரைத் தூக்கம், அது என் வழக்கம், இந்தப் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், பக்கத்தில் உட்காருகிறவர்கள் தோளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு மட்டும் தூங்கக் கூடாது. ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குள் போகாமல் இருக்க வேண்டும், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிக்கொள்ள வேண்டும், அங்கே பேக்கரி பெஞ்சில் என் மனைவி வாணி காத்துக்கொண்டிருப்பாள், கோயிலில் கம்பம் நட்டு முடிக்கும் வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்து போவது, இதுதான் திட்டம், திட்டம் அவளுடையது. "ஊருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தானுங்க கட்டுப்பாடு? நடற நேரத்துக்கு நாம ஊருக்குள்ளயே இல்லீன்னா?" என்று காலையில் தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள், ஒரு வக்கீலுக்கு இருக்கவேண்டிய நிதானத்தோடு. நான் சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. என் தலையாட்டலில் பாதி தூக்கம் என்பது அவளுக்கும் தெரியும். கண்டக்டர் வந்ததும் வாய்க்கால் ஸ்டாப் என்றேன். "ஏனுங் சார், ஊருக்குள்ள வரலீங்களா? இன்னிக்குக் கம்பமாச்சே, மைக்குல நீங்கதானுங்க பேசோணும்?" "ஒரு சோலி இருக்குதப்பா. தூங்கிட்டன்னா எழுப்பி உடு." "தூங்கிட்டன்னாவா!" என்று முன்சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், ஐம்பத்து மூன்று வயதில் சரியான ஸ்டாப்பில் இறங்குவதற்கு இன்னொருவரை நம்ப வேண்டியிருக்கிறது.

கம்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மின்சாரம்தான் ஞாபகம் வருகிறது, எங்கள் மேனேஜர் ரகுநந்தன் புதிதாக வந்த வருஷம், "கரண்டு கம்பம் நட்டா நீங்க ஏன் சார் வெளியூர் போகக் கூடாது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். மூன்று கிளையாகப் பிரியும் ஒரு மரத்தை வெட்டிவந்து, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, மாரியம்மன் சன்னதிக்கு நேர் எதிரே நடுவார்கள். நோம்பி, அதுதான் திருவிழா, முடியும் வரை அம்மனுக்கு அதுதான் புருஷன். பதினைந்து நாளும் விடியலில் பெண்கள் குடத்தில் வேப்பிலை போட்டுக் கொண்டுவந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பொழுது சாய்ந்தால் ஆண்கள் தப்பட்டைக்கு அதைச் சுற்றி ஆடுவார்கள், கடைசியில் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவார்கள். வேரே இல்லாத மரத்துக்கு ஒரு ஊரே தண்ணீர் ஊற்றுவதும், அது ஒரு துளிர்கூட விடாததும், அதற்காக யாரும் வருத்தப்படாததும் எனக்கு ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆச்சரியமாக இருக்கும், கோயில் கமிட்டியில் இதைச் சொன்னால் கிட்டுசாமி அண்ணன், "படிச்சவனுக்கு எதைப் பாத்தாலும் கேள்வி" என்று டீயை நகர்த்தி வைப்பார். அண்ணன்தான் தலைவர், மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார், தீவன மூட்டையின் வாசனையோடு எந்த விவாதத்தையும் முடித்துவைக்கத் தெரிந்தவர். நட்ட நிமிஷத்திலிருந்து பிடுங்கும் வரை ஊரார் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்கை மட்டும் ஊருக்குள் இருக்க வேண்டும், நடும்போது எல்லைக்கு வெளியே இருந்தவர்களை இது கட்டாது, இதை மைக்கில் அறிவிக்கிறவன் நான், வாசகம் நான் எழுதியது, நல்ல வாசகம், ஒரு சொல் கூடாது குறையாது. ஊர் எல்லை எது என்று ஒருமுறை கமிட்டியில் சண்டை வந்தபோது, நகராட்சி வைத்த வரவேற்புப் பலகை செல்லாது, வாய்க்கால் பாலமே எல்லை என்று வாதாடி ஜெயித்ததும் நான்தான். வாய்க்கால் வெட்டியது என் அப்பா காலத்தில், அம்மன் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தவள், அப்படியானால் அதற்கு முன்பு எல்லை எங்கே இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, முகத்தை மட்டும் பதில் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதே பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நிற்கப் போகிறேன். நிற்கப் போகிறேனா? பஸ் போகிற வேகத்துக்கு முடிவும் கூடவே ஓடிவருகிறது, ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களுக்கு நடுவே ஓடிவரும் சூரியன் மாதிரி, எட்டவும் இல்லை, விடவும் இல்லை.

கண்ணை மூடவில்லை, இமை கொஞ்சம் கனக்கிறது அவ்வளவுதான். இமை கனப்பதற்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு வழுக்கலான படி இருக்கிறது, அதில் கால் வைத்தது தெரியாது, விழுந்த பிறகு மேலே இருந்து யாரோ பேசுவது மட்டும் கேட்கும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி மூடல், ராத்திரி முழுக்க இதே வேலை, அதனால்தான் பகலெல்லாம் இந்த மயக்கம் என்றார். "குறட்டைதானே டாக்டர்?" என்றேன். "குறட்டை விடற வரைக்கும் பரவாயில்லைங்க, நிக்கிற எடம்தான் பிரச்சினை" என்றார், அவருக்கு ரசனை உண்டு. கோயம்புத்தூரில் ஒரு ராத்திரி தங்கி, தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும், எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மெஷின் பார்த்துச் சொல்லும், அதற்கப்புறம் மருந்தோ, தூங்கும்போது காற்றை ஊதித் தரும் முகமூடியோ. நாள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது, வாணி போன் மேல் போன் போட்டு வாங்கிய நாள் நாளைக்கு ராத்திரி. இன்று கம்பம், நாளை ஆஸ்பத்திரியில் படுக்கை. நோம்பி முடிந்து போகலாம் என்று நான் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்களுக்குத் தெரியாதுங்க, நீங்க தூங்கிருவீங்க" என்று மட்டும் சொன்னாள். வாணி அங்கன்வாடி டீச்சர், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கூடம் நிறையக் குழந்தைகளைத் தூங்கவைப்பவள், எந்தக் குழந்தை நிஜமாகத் தூங்குகிறது எது நடிக்கிறது என்று மூச்சை வைத்தே சொல்லுவாள், அவளுக்குப் போய் என் மூச்சு வாய்த்தது. எனக்கு ரொம்ப காலமாக ஒரு கனவு வரும், மைக் முன்னால் நின்று எதையோ வாசித்துக்கொண்டே இருப்பேன், நீளமான வாசகம், முடியவே முடியாது, இடையிடையே நிறுத்துவேன், நிறுத்தும்போது கூட்டம் அமைதியாக இருக்கும், திரும்ப ஆரம்பித்ததும் இருட்டிலிருந்து யாரோ ஒருவர் "ம்" என்பார், கதை கேட்பவர்கள் சொல்வார்களே அப்படி, மேலே சொல்லு என்பதுபோல. பேச்சாளனுக்கு இதைவிட நல்ல கனவு கிடையாது, ஒரு ஆளாவது கவனமாகக் கேட்கிறார். போன மாதம் ஒரு நடுச்சாமத்தில் விழிப்பு வந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தேன், பக்கத்தில் "ம்" என்று கேட்டது. அவள்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், என் மூச்சு நிற்கும்போதெல்லாம் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, திரும்பி வரும்போது ம். நான் விழித்திருப்பதை அவளுக்குச் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வது?

அப்பாவும் தூக்கத்தில்தான் போனார். என் வயதில், இதே பங்குனியில், படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் புண்ணியவான் என்றார்கள், நோகாமல் போய்ட்டாரு, இப்படியொரு சாவு ஆருக்குக் கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கையை நனைத்துக்கொண்டு போனார்கள், நானும் அந்தப் பெருமையை இத்தனை வருஷம் சட்டைப்பை பேனாபோல் குத்திக்கொண்டு திரிந்தேன். இப்போதுதான் தெரிகிறது, அவரும் என்னைப்போல் பஸ்ஸில் தூங்கினார், கல்யாண வீட்டில் தூங்கினார், சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து தூங்கியவரைப் பார்த்துத் தெருவே சிரித்தது, அம்மாவும் சிரித்தாள். நோகாமல் போனாரா? மூளை பதறி எழுப்புகிறது என்று டாக்டர் சொன்னாரே, அந்தக் கடைசித் தடவை எழுப்பியபோது அவர் என்ன பார்த்தார், இருட்டில் யார் ம் சொன்னார்கள். வேண்டாம். வெளியே பார்க்கலாம். காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, சில சுற்றுகின்றன, சில நிற்கின்றன, நின்றது திரும்பச் சுற்றுமா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

போன் துடிக்கிறது. மேனேஜர். எடுக்கவில்லை, ஐந்து நிமிஷம் கழித்து எடுக்கலாம், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல வசதியாக இருக்கும். அகமதாபாத்தில் எங்கள் முதலாளி புது யூனிட் போடுகிறார், நூல் சோதிக்கும் கூடத்தை நான் போய் நிறுவித் தர வேண்டும், மூன்று வாரம், திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். என் வேலை நூலின் சீரைப் பார்ப்பது, இழையை மெஷினுக்குள் ஓடவிட்டால் திரையில் கோடு ஓடும், தடித்த இடத்தில் மேலே எழும், மெலிந்த இடத்தில் கீழே விழும், விழுகிற இடத்தில்தான் நூல் அறும், எவ்வளவு மெலிந்தால் அறும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்; நாளை ராத்திரி என் கோட்டை வேறொருவர் பார்த்துச் சொல்லப் போகிறார். சொல்லப் போகிறாரா? ஊருக்குள் இறங்கினால் அதுவும் கிடையாது, அகமதாபாத்தும் கிடையாது. இதுதான் என் சூட்சுமம், வெளியே சொன்னதில்லை: ஆபீஸ் கூப்பிட்டால் அம்மனைச் சொல்லித் தப்பிப்பேன், கமிட்டி கூப்பிட்டால் ஆபீஸைச் சொல்லுவேன், டாக்டர் கூப்பிட்டால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுவேன், டாக்டரைச் சொல்லி யாரிடமும் தப்பித்ததில்லை, அது கையிருப்பில் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே அறையில் சந்திக்காத வரைக்கும் நான் ரொம்பப் பொறுப்பான மனுஷன். போன வருஷம் ஆபீஸில் வேலை, உடம்பு, சமூகம் மூன்றையும் சமமாக வைத்துக்கொள்வது எப்படி என்று வகுப்பெடுக்க ஒருவரை வரவழைத்தார்கள், டை கட்டியவர், பலகையில் மூன்று வட்டம் போட்டு ஒன்றை ஒன்று வெட்டுகிற நடுப்பகுதியைப் பச்சையில் தீட்டி, "இங்கேதான் சந்தோஷம் இருக்கிறது" என்றார். வட்டங்களின் வரலாற்றைப் பற்றி நல்ல கேள்வி ஒன்று கேட்க யோசித்துக்கொண்டிருந்தேன், அடுத்து நினைவிருப்பது கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ரகுநந்தன் தோளைத் தட்டினான், "சார், நீங்க பச்சைக்குள்ளயே போயிட்டீங்க." நல்ல பையன். முப்பத்தைந்து வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம், சாப்பாட்டு டப்பாவை மூடியோடு திரும்பக் கொண்டுபோவான். நேற்றுக்கூடக் கேட்டான், "இந்த வருஷம் எப்ப சார் நடறாங்க?" நாளைக்குச் சாயங்காலம் என்றேன். "நட்டாச்சுன்னா சொல்லுங்க, வேற ஆள் பாக்கணும்." அவன் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். வாய்க்காலில் இறங்கினால் எனக்குக் கம்பம் இல்லை, கம்பம் இல்லையென்றால் அவனிடம் சொல்ல எதுவும் இல்லை, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ என் வாயால் சொல்ல வேண்டும். அதைவிட மைக்கில் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசிவிடலாம்.

அங்கே மைக்கை இந்நேரம் தட்டிப் பார்த்திருப்பார்கள், ஒன் டூ த்ரீ சொல்லியிருப்பார்கள், மரம் ஊர்வலமாக வந்துகொண்டிருக்கும், மஞ்சள் ஈரத்தில் மினுமினுக்கும், எவ்வளவு அழகு, புதுசாகக் குளித்த ஆள் மாதிரி இருக்கும், மூன்று கை, ஒரு கையில் நூல், நூல் மெலிந்து மெலிந்து ஓடுகிறது, ரகுநந்தன் குடத்தோடு வரிசையில் நிற்கிறான், டை நனைகிறது, சார் இதுக்குத் தண்ணி ஊத்துனா துளிர்க்குமா, துளிர்க்காது ஊத்து, வாணி குழந்தைகளைப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறாள், கடைசிப் பாயில் அப்பா, அரைக்கால் சட்டையோடு, அப்பா நடிக்கிறாரா தூங்குகிறாரா, அவள் குனிந்து பார்க்கிறாள், நான் மைக்கில் வாசிக்கிறேன், பெரியோர்களே தாய்மார்களே இன்று முதல் ஊரார் எவரும், ஊரார் எவரும், அடுத்த சொல் வரவில்லை, வாசகம் நான் எழுதியதுதான், கூட்டம் அமைதியாக இருக்கிறது, தண்ணீர் பாலத்துக்கு அடியில் சத்தமில்லாமல் போகிறது, சுகமாகத்தான் இருக்கிறது, இப்படியே நின்றாலும் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது, யாராவது ம் சொல்லுங்கள், யாராவது, வாணி, நெஞ்சில் ஒரு மூட்டை, தீவன மூட்டை, தூக்குங்கள் அண்ணா, தூக்குங்கள், ஹக்கென்று என் சத்தம் எனக்கே கேட்டு விழித்தேன். பஸ் நின்றிருந்தது. எஞ்சின் நின்றிருந்தது. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. கண்டக்டரின் கை என் தோளில் இருந்தது, அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "சார்… சார், என்னுங் சார், இப்படிப் பயமுறுத்தறீங்க. மூச்சே காணோமுங்." முன்சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வாய்க்கால் ஸ்டாப்புங்" என்றான் கண்டக்டர், குரலைத் தணித்து, "எறங்கறீங்களா, ஊருக்குள்ளயே கொண்டுபோய் உட்டுறட்டுங்களா?" தூரத்தில் தப்பட்டை கேட்டது, இன்னும் நடவில்லை, நடும்போது அடிக்கும் அடி வேறே, அது எனக்குத் தெரியும். இன்னும் நேரம் இருக்கிறது. இந்தப் பஸ் பாலத்தைத் தாண்டினால் நேரே கோயில் வாசல், மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்திருப்பார்கள், எல்லாம் போன வருஷம் மாதிரி இருக்கும், மேனேஜருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கும், உடம்பை நோம்பி முடிந்து பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாமா? தண்ணீரை விழுங்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பேக்கரியைப் பார்த்தேன்.

வாணி பெஞ்சில் இருந்தாள். பஸ் வருவதை அவள் பார்க்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சுவரில் ஒட்டியிருந்த கேக் விளம்பரத்தின் மேல் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன், புடவை அவளுடையதுதான், முகம்தான் பழக்கமில்லாததாக இருந்தது. அவள் தூங்கும் முகத்தை நான் எப்போது பார்த்தேன்? நான் படுத்ததும் தூங்கிவிடுகிறேன், எழும்போது அவள் குளித்துவிட்டிருப்பாள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், அந்த மகளுக்குக் கல்யாணமாகி அவள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாஸ்டர் டீயை ஆற்றுகிற சத்தம், பஸ்ஸின் ஹாரன், எதுவும் அவளை எட்டவில்லை, கூடம் நிறையக் குழந்தைகளைத் தூங்கவைப்பவள் நடுரோட்டில் குழந்தை மாதிரி தூங்கினாள். எத்தனை ராத்திரியின் பாக்கி அது. நடிப்பு கிடையாது, என்னாலேயே சொல்ல முடிந்தது. எழுந்தேன். கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டான், விசில் அடிக்கப் போனவனைக் கையமர்த்தினேன், அவன் எட்டிப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு டிரைவருக்குத் தகரத்தில் மெல்ல இரண்டு தட்டு தட்டினான். பஸ் பாலத்தின் மேல் ஏறி எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

பெஞ்சின் ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன். மாஸ்டர், "அக்கா வந்ததுல இருந்து—" என்று ஆரம்பித்தார், நான் வாயில் விரல் வைத்ததும் நிறுத்திக்கொண்டார். போன் துடித்தது, கிட்டுசாமி அண்ணன். கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினேன். "எங்கய்யா இருக்கற? மரம் முக்குக்கு வந்துருச்சு." "அண்ணா, நான் வாய்க்கால்லயே எறங்கிட்டனுங்ணா. நாளைக்கு ராத்திரி கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில தங்கோணும். தூக்கத்துல மூச்சு நிக்குதுங்ணா." திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினார். "அட கூறுகெட்டவனே, இத மொதல்லயே சொல்லப்படாதா? நாங்க என்ன உன்னயக் கட்டிப் போட்டா வெச்சுருக்கறம்?" "இல்லீங்ணா, கட்டுப்பாடு…" "எவன் போட்ட கட்டுப்பாடு?" "நாமதானுங்ணா." "செரி செரி, மைக்குல ஆரு பேசறது?" "நீங்களே பேசிருங்ணா." "நான் பேசுனா நாளைக்கு ஊட்டுக்கு வந்து தப்புச் சொல்லுவ." "சொல்ல மாட்டனுங்ணா." "பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். வைத்த சூட்டோடு மறுபடி துடித்தது, இந்த முறை ரகுநந்தன், இந்த முறை எடுத்தேன். "சார், நட்டாச்சா?" என்றான். நட்டாச்சு என்று ஒரு சொல், சொன்னால் முடிந்தது, நாக்கு நுனியில் வந்து நின்றது, மஞ்சள் பூசிக்கொண்டு தயாராக நின்றது. "நான் நடற எடத்துல இல்ல ரகு. எனக்கு இந்த வருஷம் கம்பம் இல்ல." "அப்படின்னா அகமதாபாத்…" "வரல. நாளைக்கு ராத்திரி தூங்கப் போறேன்." "எங்க சார்?" என்றான். சொன்னேன். எப்படி இருக்கும், என்னென்ன ஒட்டுவார்கள், நாள் கிடைப்பது எப்படி என்று கேட்டான், கேட்டுக்கொண்டே போனான், எனக்காகக் கேட்கிற மாதிரி இல்லை. "எம்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன் சார்" என்றான், என்ன சொல்லிக்கொள்வான் என்று நான் கேட்கவில்லை. பயம் போய்விடவில்லை, திங்கட்கிழமை ஆபீஸ் மேஜைக்கு அடியில் அது உட்கார்ந்திருக்கும்.

நடும் அடி விழுந்தது. தப்பட்டை ஒரே மூச்சில் ஓங்கி, குலவை எழுந்து, வாய்க்கால் தண்ணீரின் மேல் அதிர்ந்து வந்தது, வாணி அசையவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. அண்ணன் தொண்டையைக் கனைத்தார், கனைக்கும் முன் மைக்கைத் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "ஐயாயிரம் வருச வரலாறு கொண்ட நம்ம ஆத்தா கோயில்ல," என்று ஆரம்பித்தார், எனக்கு முதுகு நிமிர்ந்தது, கல்வெட்டே முந்நூறு வருஷத்துக்கு மேல் போகாது, "இன்னிக்குக் கம்பம் நட்டாச்சுங். இனி ஆரும் வெளியூர்ல ராத்தங்கப்படாதுங். ஆனா ஒண்ணுங், ஒடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரிக்குப் போறவிய தங்கிக்கலாமுங், கூடப் போறவியளும் தங்கிக்கலாமுங், இது ஆதிகாலத்துல இருந்தே நம்ம ஊர்ல இருக்கற வழக்கமுங்." நான் வாயைத் திறந்தேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. நோம்பி பற்றி எழுதியது, சொன்னது, கேட்டது எல்லாம் என்னிடம் இருக்கிறது, ஆதிகாலத்திலும் கிடையாது, போன வருஷமும் கிடையாது, அது இப்போதுதான் பிறந்தது, தீவனக் கடைக்காரர் வாயில். டீ மாஸ்டர் கரண்டியோடு நின்று, "ஆமாங், எங்கம்மா சொல்லும், எப்பவும் உண்டு" என்றார் கிசுகிசுப்பாக. ஒன்றே ஒன்றைத் திருத்தவில்லையென்றால் என்ன ஆகிவிடும்? வாயை மூடிக்கொண்டேன். காற்று வாய்க்காலைத் தொட்டுக் குளிர்ந்து வந்தது, இமை கனத்தது, வழுக்குகிற அந்தப் படி காலுக்கடியில் வந்து நின்றது, கால் வைக்கவில்லை, தொடையைக் கிள்ளிக்கொண்டேன். வாணியின் தலை சுவரிலிருந்து நழுவி என் தோளுக்கு வந்தது, விழிக்கவில்லை. அவள் மூச்சு மெல்லியதாக, சீராக ஓடியது, மெஷினில் போட்டால் நேர்க்கோடாக வரும் என்று நினைத்தேன், நினைக்கும்போதே எங்கேயோ ஒரு கணம் தயங்கியது, கனவில் யாராவது பேசியிருப்பார்கள், நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பாலத்தில் லாரி ஒன்று போனது, தண்ணீர் போனது, அப்புறம் அவள் மூச்சு திரும்பி வந்தது.

"ம்" என்றேன்.